கோயிலுக்குக் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது? தாய்லாந்துப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களின் கேள்விகள்

பாங்காக்கிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஐந்தாவது ஆண்டாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாக வேலைக்கு வந்த நம்மவர் யாராவது ஒருவர் பதறிப்போய் அழைப்பார்: "நாளைக்குப் பள்ளியிலிருந்து புத்தர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம், நான் என்ன செய்யணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு எதுவும் தெரியாது. அது அவர்களுக்கே தெரியும் என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்து தப்பித்துவிடுவார்கள். நமக்குத்தான் சிக்கல். ஊதுவத்தி, தாமரை மொட்டு, வாசலில் செருப்பு என்று எல்லாம் நம்மூர் மாதிரியே இருப்பதால் கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். நான் செய்த தவறுகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

இன்னொன்று: இந்தப் பக்கத்தில் 'தாய் மொழி' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் அது தாய்லாந்து மொழி. என் தாய்மொழி தமிழ்தான்.

எந்த நாளில் கூப்பிடுவார்கள்?

பெரும்பாலும் ஜூலைப் பௌர்ணமிக்கு முந்தைய வாரத்தில். அந்தப் பௌர்ணமிக்கு 'ஆசான்ஹ பூச்சா' என்று பெயர். ஆஷாட பூஜை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சாரநாத்தில் புத்தர் ஐந்து பேருக்கு முதல் உபதேசம் செய்த நாள் அது. மறுநாள் 'காவ் பன்சா'. அன்று தொடங்கி மூன்று மாதம் பிக்குகள் ஊர் ஊராகப் போகாமல் ஒரே கோயிலில் தங்குவார்கள். மழைக்காலத்தில் அவர்கள் நடந்து திரிந்தால் நாற்று மிதிபடுகிறது என்று ஜனங்கள் குறைப்பட்டதால் புத்தர் வைத்த ஏற்பாடு என்பது வழக்கில் உள்ள காரணம்.

மூன்று மாதமும் இரவில் ஓதவும் படிக்கவும் வெளிச்சம் வேண்டுமே என்று ஊரார் மெழுகுவத்தி செய்து கொடுத்தார்கள். மின்சாரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வடகிழக்கில் உபோன் ராட்சத்தானியில் வண்டி அளவுக்கு மெழுகில் சிற்பம் செதுக்கி ஊர்வலம் விடுவார்கள். எங்கள் பள்ளியில் ஆளுயர மஞ்சள் மெழுகுவத்தி ஒன்று முன்னால் போகும், அதன் பின்னால் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எல்.இ.டி. குழல்விளக்குப் பெட்டிகளைச் சுமந்து வருவார்கள். இரண்டில் எது பிக்குகளுக்கு உபயோகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பௌர்ணமியும் மறுநாளும் அரசு விடுமுறை. அதனால்தான் பள்ளிகள் தங்கள் விழாவை முன்கூட்டியே வைத்துக்கொள்கின்றன.

பள்ளிக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்?

பள்ளியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். பல பள்ளிகளின் பெயரில் 'வாட்' என்ற சொல் இருக்கும். வாட் என்றால் கோயில். பழைய காலத்தில் பையன்கள் எழுத்துப் படித்தது பிக்குகளிடம். பிறகு அரசு நவீனப் பள்ளிகளைத் தொடங்கியபோது பலவற்றைக் கோயில் வளாகத்திலேயே தொடங்கியது. எங்கள் பள்ளிக்கும் கோயிலுக்கும் நடுவே சுவர்கூட இல்லை. கால்பந்து சில சமயம் பிக்குகள் தங்கும் 'குட்டி'யின் கூரையில் விழும். குடில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேறு மதம். வரவில்லை என்று சொல்லலாமா?

சொல்லலாம். எங்கள் பள்ளியில் முஸ்லிம் மாணவர்கள் நான்கைந்து பேர் உண்டு. அவர்கள் ஊர்வலத்தில் கோயில் வாசல் வரை வருவார்கள், பிறகு 'சாலா'வில் உட்கார்ந்து தண்ணீர்ப் புட்டிகளை அடுக்குவார்கள். சாலா என்றால் சுவரில்லாத மண்டபம், நம் சாலை, சத்திரம் மாதிரி. யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உடன் பணிபுரியும் பிலிப்பைன்ஸ்காரர் கத்தோலிக்கர். அவர் உள்ளே வந்து உட்காருவார், விழுந்து வணங்க மாட்டார், கைகூப்புவதோடு சரி. அதுவும் நன்றாகவே போகிறது.

ஒரே ஒரு நாள் முன்பாகவாவது சொல்லிவிடுங்கள். அன்று காலையில் சொன்னால் உடம்பு சரியில்லை என்று நினைத்து மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்துக்களுக்கு வேறு ஒரு தடுமாற்றம் வரும். வளாகத்தின் ஒரு மூலையில் பிள்ளையார் இருப்பார். இங்கே அவர் பெயர் 'பிக்கனேத்'. முதல் வருடம் அவரைப் பார்த்த சந்தோஷத்தில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். திரும்பினால் பின்னால் ஆறாம் வகுப்பு மொத்தமும் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது.

என்ன உடுத்துவது? செருப்பு?

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். வெள்ளை என்றால் இன்னும் நல்லது. பருத்திச் சேலை கட்டிப் போனால் அன்று நாள் முழுக்க நீங்கள்தான் கண்காட்சி. அது பிடிக்கும் என்றால் கட்டுங்கள். சேலையோடு தரையில் பக்கவாட்டாகக் கால் மடக்கி ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். செருப்பு வாசலோடு சரி. நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போங்கள், நம் பாட்டிகள் சொல்வது போலவே.

எப்படி உட்காருவது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பாதம் புத்தரையோ பிக்குவையோ நோக்கி இருக்கக் கூடாது. சம்மணம் போட்டால் மோசமில்லை. ஆனால் பிக்குவின் முன்னால், அதிலும் பெண்களுக்கு, இரண்டு கால்களையும் ஒரு பக்கமாக மடித்துப் பின்னால் ஒதுக்கி உட்காருவதுதான் மரியாதை. பத்து நிமிடத்தில் கீழே இருக்கும் கால் மரத்துவிடும். அப்போது கைகளை முன்னால் ஊன்றி லேசாக எழும்பிக் கால்களை மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். கால் மாற்றும் நேரத்தைத் தாய் ஆசிரியைகளிடம் பாருங்கள்: மந்திரத்தில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒரு மூச்சு இடைவெளியில் வரிசை முழுக்க அலை மாதிரி இடமிருந்து வலமாகச் சாயும்.

மண்டியிட்டு வணங்கும்போது ஆண்கள் கால்விரல்களை ஊன்றிக் குதிகால் மேல் உட்காருவார்கள். பெண்கள் பாதத்தைத் தட்டையாக விரித்து அதன் மேல் உட்காருவார்கள். கைகூப்பி, நெற்றிக்கு உயர்த்தி, அப்புறம் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து நடுவே நெற்றியைப் படவைக்க வேண்டும். மூன்று முறை: புத்தர், தம்மம் (அவர் போதனை), சங்கம் (பிக்குகள் கூட்டம்). இதற்குப் பெயர் 'பெஞ்சாங்கப்ரதிட்'. நெற்றி, இரண்டு கைகள், இரண்டு முழங்கால்கள் என ஐந்து அங்கம். நம் பஞ்சாங்க நமஸ்காரத்தைத் தெரிந்தவர்களுக்குப் பெயரே பாடம் சொல்லிவிடும்.

பிக்குவின் காலைத் தொட்டுக் கும்பிடலாமா?

வேண்டாம். பெண்கள் என்றால் வேண்டவே வேண்டாம்.

நான் முதல் வருடம் செய்யப் போனது இதைத்தான். வயதான தலைமைப் பிக்கு மண்டபத்தை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும், என் தாத்தாவின் சாயல் வேறு. குனிந்து கையை நீட்டிவிட்டேன். அவர் சட்டென்று ஓரடி பின்வாங்கினார், பின்னால் வந்த இளம்பிக்கு அவர் மேல் மோதிக்கொண்டார். எங்கள் துறைத் தலைவி என் முழங்கையைப் பிடித்து அப்படியே உட்கார வைத்துவிட்டார். யாரும் திட்டவில்லை. தலைமைப் பிக்கு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "இந்தியாவில் அப்படித்தான் போலிருக்கிறது" என்றாராம், பிறகு சொன்னார்கள்.

பிக்குகளுக்கு 227 விதிகள் உண்டு. பெண்ணைத் தொடாமல் இருப்பது அவற்றில் கடுமையான ஒன்று. எனவே பெண் ஆசிரியர் ஏதாவது கொடுக்க வேண்டுமானால், பிக்கு தன் முன்னால் ஒரு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். நாம் துணியின் மேல் வைக்க வேண்டும். ஆண்கள் கையிலேயே கொடுக்கலாம், இரண்டு கைகளாலும்.

அன்று என்னென்ன நடக்கும்?

காலை எட்டரைக்கு ஊர்வலம் கிளம்பும். மத்தளமும் ஜால்ராவும் உண்டு. ஊர்வலம் என்றதும் ஆடிக்கொண்டே போக ஆயாமார்கள் தயாராக இருப்பார்கள். கோயிலுக்குள் பிக்குகள் ஒரு மேடையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாணவத் தலைவன் ஒரு வரி சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். மொழி பாலி. நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் புரியும். "நமோ தஸ்ஸ பகவதோ" மூன்று முறை, பிறகு "புத்தங் சரணங் கச்சாமி", பிறகு ஐந்து சீலம், அதாவது ஐந்து ஒழுக்க உறுதிகள். என் வகுப்பில் இருபது ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்ய மூன்று வாரம் எடுக்கும் பையன் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வான்.

அப்புறம் தானம். மெழுகுவத்தி, குழல்விளக்கு, மழைக்காலத்தில் குளிக்க உடுத்தும் துணி, 'சங்கதானம்' என்று மஞ்சள் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சோப்பு, பற்பசை, நூடுல்ஸ், டார்ச் விளக்கு. கடைகளில் இதைத் தயாராகவே அடுக்கி விற்கிறார்கள். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் பாதி வாளிக்குப் பழைய காகிதம் திணித்திருக்கும். நீங்களே வாளி வாங்கி நிரப்புவது நல்லது. ரேஸரும் தலைவலி மாத்திரையும் நிஜமாகவே தேவைப்படும் பொருள்கள்.

போன வருடம் மேடையில் உட்கார்ந்திருந்தவர்களில் கடைசி ஆள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தது போல் இருந்தது. எனக்கு ஆளைத் தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது, எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். இங்கே ஆண்கள் வாழ்வில் ஒரு முறையாவது சில நாள் பிக்குவாக இருப்பது வழக்கம். அரசு ஊழியர்களுக்கு இதற்காக 120 நாள் வரை விடுப்பு உண்டு. தலையோடு புருவத்தையும் மழித்துவிடுவதால் தினமும் பார்த்த முகம் சுத்தமாக மாறிவிடுகிறது. முந்தின வாரம் என்னிடம் ஸ்டேப்ளர் கடன் வாங்கிய மனிதர். அவருடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று முறை தரையில் நெற்றி பட அவரை வணங்கினார். அவர் திரும்ப வணங்கவில்லை, வணங்கவும் கூடாது. அந்த அம்மாள் எழுந்தபோது முகத்தில் இருந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மகனுக்கு வேலை கிடைத்த அன்று என் அத்தை முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

சின்னக் குடுவையும் கிண்ணமும் கொடுத்தார்கள், அதை என்ன செய்வது?

தாரை வார்ப்பதுதான். பிக்குகள் ஆசி ஓதத் தொடங்கியதும் குடுவை நீரைக் கிண்ணத்தில் மெல்லிய தாரையாக, நிற்காமல் ஊற்ற வேண்டும். செய்த புண்ணியத்தை இறந்துபோனவர்களுக்குப் பங்கு கொடுக்கிறோம் என்பது பொருள். நாம் பொருளைத் தானம் கொடுக்க நீர் வார்ப்போம், இவர்கள் புண்ணியத்தையே நீரோடு கொடுத்துவிடுகிறார்கள். குடுவை இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். அவரைத் தொட்டவரை இன்னொருவர் தொட்டிருப்பார். யாரை நினைத்து ஊற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முடிந்ததும் நீரை வெளியே மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். கழுவுதொட்டியில் கொட்டாதீர்கள்.

தீர்த்தம் குடிக்கலாமா? நூல் கட்டுவார்களா?

தீர்த்தம் தெளிப்பார்கள், நீங்கள் தலை குனிந்தால் போதும். நம் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டாதீர்கள். வெள்ளை நூலை ஆண்களுக்கு மணிக்கட்டில் கட்டிவிடுவார்கள்; பெண்கள் கையில் அதை மேலிருந்து போடுவார்கள். குறைந்தது மூன்று நாளாவது வைத்திருங்கள்.

நான் சைவம். சாப்பாடு?

புத்தர் கோயில் என்றால் சைவச் சாப்பாடு என்று நினைத்து வருபவர்கள் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இங்கே பிக்குகள் மீனும் இறைச்சியும் சாப்பிடுவார்கள். தமக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமல், கேட்காமல், அப்படிச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால் கிடைத்ததை ஏற்கலாம் என்பது விதி. அவர்கள் நண்பகலுக்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அதனால் பதினோரு மணிக்கே பந்தி. மிச்சம் எல்லோருக்கும்.

'மங்சவிரட்' என்று சொல்லுங்கள். மாமிச விரதி என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். ஆனால் இதைச் சொன்னாலும் மீன் சாறு விட்ட காய்கறிப் பொரியல் வரக்கூடும். அவர்கள் கணக்கில் மீன் சாறு உப்பு மாதிரி. 'ஜே' என்று சொன்னால் அதுவும் போய்விடும், ஆனால் வெங்காயமும் பூண்டும் சேர்ந்து போய்விடும். மாம்பழமும் தேங்காய்ப்பால் சோறும் இருந்தால் கவலையில்லை.

நான் புளியோதரை செய்துகொண்டு போவேன். அதில் ஒரு பாடமும் கிடைத்தது. பிக்குவிடம் முறையாகக் கொடுத்த பாத்திரத்தைப் பிறகு நாம் தொடக் கூடாது. மூடி சரியாக இல்லையே என்று நான் கை நீட்டிச் சரிசெய்ததும் வரிசையில் ஒரு முணுமுணுப்பு. அந்தப் பாத்திரத்தை எடுத்து, ஓர் ஆண் ஆசிரியர் கையால் மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. புளியோதரை பிக்குகளுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் எனக்கு இப்போது மூன்று கிலோ அரிசி வேலை.

உறை கொடுத்தார்கள். எவ்வளவு வைப்பது?

20 பாட் வைத்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. நான் 99 வைப்பேன். ஒன்பதுக்கான சொல் 'காவ்'. முன்னேறுவது என்ற சொல்லும் காதில் கிட்டத்தட்ட அப்படியே விழும் என்பதால் அந்த எண்ணில் இவர்களுக்கு ஆசை. பெயர் எழுதும் இடத்தில் எழுதிவிடுங்கள், ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். தமிழ்ப் பெயரைத் தாய் உச்சரிப்பில் கேட்பதற்கே அந்த 99 பாட் தகும்.

என்னை 'கேக்' என்கிறார்கள். திட்டுகிறார்களா?

தின்னும் கேக் இல்லை. விருந்தாளி என்று பொருள். இந்தியர், அரபியர், மலாய்க்காரர் என எல்லோருக்கும் சேர்த்து ஒட்டிவிட்ட பெயர். பாங்காக் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையே 'வாட் கேக்' என்றுதான் ஊரே சொல்கிறது. சொல்கிற தொனியைப் பொறுத்துக் கொஞ்சம் இளக்காரம் இருக்கலாம். ஆயா சொன்னால் இருக்காது. எனக்குப் பழகிவிட்டது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் 'க்ரூ' என்று கூப்பிடச் சொல்லுங்கள். குருதான். உடனே மாற்றிக்கொள்வார்கள்.

பதிலுக்கு நீங்களும் மூத்த ஆசிரியைகளை அக்கா என்று அழைக்க வேண்டும். அதற்கான தாய் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். சிரிக்காமல் சொல்லப் பழகுங்கள்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். சிலையின் மேல் ஏறுவது, அணைத்துக்கொள்வது எல்லாம் கூடாது. அயுத்தயாவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனால், வாட் மஹாதாட்டில் மரவேர்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் புத்தர் தலையைப் பார்ப்பீர்கள். அதன் பக்கத்தில் நின்று படமெடுக்கக் கூடாது, உட்கார வேண்டும். நம் தலை அந்தத் தலையைவிட உயரக் கூடாது. தலை என்றதும் இன்னொன்று: மாணவர்கள் தலையைச் செல்லமாகத் தட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

"உங்கள் ஊரில் புத்தர் கோயில் உண்டா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

கட்டாயம் கேட்பார்கள், இந்தியா என்றாலே புத்தகயா என்று நினைப்பவர்கள். நான் நாகப்பட்டினத்தைச் சொல்வேன். கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரை என்ற ஒன்றைக் கட்டுவித்தார். முதலாம் ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். லெய்டன் செப்பேடுகளில் அது பதிவாகியிருக்கிறது. அங்கே ஒரு பழைய பௌத்தக் கோபுரம் 1867 வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். அந்த ஊர் மண்ணில் கிடைத்த செப்புப் புத்தர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஸ்ரீவிஜயம் என்றதும் வரலாற்று ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். இன்றைய தென் தாய்லாந்தின் சில பகுதிகளும் அந்த அரசின் கீழ் இருந்தவைதான். அதற்கும் முந்தைய, 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று தெற்கே தகுவாபாவில் கிடைத்திருக்கிறது: ஒரு குளத்தையும், அதைக் காத்த மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரையும் பற்றியது.

இன்னும் கேட்டால், பாங்காக்கில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் மார்கழியில் திருவெம்பாவை ஓதுவதைச் சொல்லுங்கள். பொருள் மறைந்து ஒலி மட்டும் மிஞ்சிய பாட்டு. விழாவின் பெயரே 'த்ரியம்பவாய்'.

மாலையில் மறுபடி வரச் சொல்கிறார்கள். போகவா?

பௌர்ணமி இரவு விளக்குச் சுற்று. இது கட்டாயமில்லை, பள்ளி நிகழ்ச்சியும் இல்லை. ஒரு நாள் மட்டும்தான் போக முடியும் என்றால் காலை விழாவை விட்டுவிட்டு இதற்குப் போங்கள் என்பேன். ஒரு பூ, மூன்று ஊதுவத்தி, ஒரு மெழுகுவத்தி. பிரதான மண்டபத்தை வலமாக மூன்று சுற்று, பேச்சில்லாமல். பிள்ளைகள் சீருடை இல்லாமல் அப்பா அம்மாவோடு வந்திருப்பார்கள். உங்களைப் பார்த்ததும் கையில் மெழுகுவத்தி இருப்பதால் கும்பிட முடியாமல் தலையை மட்டும் ஆட்டுவார்கள். மழைக்காலக் காற்று. காகிதக் குவளையின் அடியில் ஓட்டை போட்டு மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டால் கையில் சொட்டாது, சுடரும் நிற்கும். அணைந்தால் நின்று தேடாதீர்கள். நடந்துகொண்டே பக்கவாட்டில் நீட்டினால் யாராவது பற்றவைப்பார்கள்.

செருப்பு காணாமல் போகுமா?

திருடு போகாது. ஆனால் பள்ளி விழா அன்று ஐந்நூறு ஜோடி ஒரே மாதிரி கறுப்புக் காலணிகளுக்கு நடுவே கறுப்புக் காலணி போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் காலணியில் வீடு வந்து சேர்ந்தேன். அவள் என்னுடையதில் போயிருந்தாள்.